ஏழு ஸ்குரூ, ஒரு தகடு

ஏ-ஒன்பதில் மாடுகள் இரவில் தார்ச்சூட்டுக்குப் படுக்கும்.
கறுத்த மாடு. லைட் எரியாத மோட்டச்சைக்கிள்.
கொக்காவிலுக்கும் மாங்குளத்துக்கும் நடுவில்
என் வலது கால் முறிந்தது.
மாடு எழும்பிப் போய்விட்டது.

வவுனியாவில் தகடு வைத்தார்கள்.
"உருக்கு. நல்ல சாமான்" என்று
ஏழு ஸ்குரூவையும் எக்ஸ்ரேயில் எண்ணிக் காட்டினார் டொக்டர்.
மூன்றாம் மாதம் கடிக்கத் தொடங்கியது.

நுளம்புக் கடி இல்லை, முசுறுக் கடியும் இல்லை.
விரல் போகாத இடத்தில் யாரோ குந்தியிருந்து
உள்பக்கமாகச் சொறிவது போல.
தையலைச் சுற்றிச் சிவந்து, பொருக்கு வெடித்து, நீர் கசிந்தது.
கிருமி என்றார்கள்: குளிசை.
பிறகும் கிருமி என்றார்கள்: ஊசி.
சீப்பின் பல்லால் சொறிந்த இரவுகள்.
விடிந்தால் நகத்துக்குள் இரத்தம்.

என் வேலை ஒலுமடுக் காட்டோரம் மிதிவெடி எடுப்பது.
முகத்துக்குக் கண்ணாடி, நெஞ்சுக்குக் கவசம்,
முழங்காலில் இருந்தபடி ஒரு நாளைக்குச் சில பாய் அளவு நிலம்.
திரும்பிப் போன முதல் காலை
கருவி என்னைத்தான் கண்டுபிடித்தது.
காலுக்குக் கிட்ட வரும்போதெல்லாம் வீரிட்டது.
மேற்பார்வையாளர் தேவசகாயம் சிரிக்கவில்லை.
"நீ கொஞ்ச நாளைக்குப் புல்லு வெட்டு, பிள்ளை."
வெட்டினேன். சம்பளத்தில் ஐயாயிரம் குறைந்தது.

தோல் கிளினிக்கில் ஒரு சிங்கள டொக்டர்,
உடைந்த தமிழில், அதுவரை யாரும் கேளாத கேள்வி கேட்டாள்:
"கவரிங் தோடு போட்டா காது எப்பிடி?"

காது!
பதினாலு வயதில், முகாமில், யாரோ தந்த தோடு.
மூன்றே நாளில் பழுத்தது.
பிறகு மணிக்கூட்டின் அடிப்பக்கம்.
ஜீன்ஸ் பொத்தான் தொப்புளுக்குக் கீழே வரைந்த வட்டம்.
நான் ஊத்தை என்று நினைத்துச் சவர்க்காரம் போட்டேன்.
அம்மா சூடு என்று வேப்பிலை அரைத்தாள்.
எத்தனை படிவம் நிரப்பியிருப்பேன்!
எந்தச் செல், எந்த இடம், எத்தனையாம் திகதி.
தோட்டைப் பற்றி ஒரு கட்டமும் இருக்கவில்லை.

முதுகில் வரிசை வரிசையாக மருந்து ஒட்டி
ஓரத்தில் பேனையால் அடையாளமிட்டார்கள்,
நாங்கள் தடி நட்டுக் கயிறு இழுப்பது போலவே.
இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது.
ஆவணி மாதம். வன்னி. வியர்க்கக் கூடாதாம்.

ஐந்தாம் கட்டம் கொப்பளித்திருந்தது.
"நிக்கல்" என்றாள்.
"முதலே தெரிஞ்சா டைட்டானியம் போடலாம்."
பிறகு அவள் விரல் என் தோளில் நின்றது.
"இது?"
"செல் துண்டு. பதினாறு வருசம்."
"கடிக்கிறதா?"
"இல்லை."
ஏதோ எழுத வந்தவள்
எழுதாமலே பேனையை மூடினாள்.

எலும்பு பொருந்திவிட்டது, கழற்றலாம் என்றார்கள்.
கழற்றியதை ஊறுகாய்ப் போத்தலில் போட்டுத் தந்தார் சிற்றூழியர்.
மாதம் முடிய முன்னம் கடி அடங்கியது.
கருவி என் காலைத் தாண்டிப் போகிறது இப்போது,
ஒன்றும் சொல்லாமல்.
கைதான் சிலநேரம் நித்திரையில் சீப்பைத் தேடுகிறது.

"அந்தச் சனியனைக் கிணத்தடியில தாட்டுவிடு" என்றாள் அம்மா.
மண்ணுக்குள்ளே இரும்பு வைக்கிறதோ, நானோ?
பழைய இரும்பு வாங்குகிறவனின் தராசோ
அசையவே இல்லை.

போன கிழமை தேவசகாயம் அண்ணை கேட்டார்,
புதுப் பிள்ளைகளின் பயிற்சிக்குத் தாட்டு வைக்கத் தருவியோ என்று.
தரலாம்.
எட்டுத் துண்டு, எந்த இடம், எத்தனை அங்குலம்
எல்லாம் கொப்பியில் எழுதி,
எண்ணித் தருவேன்.
பின்னேரம் எண்ணி வாங்குவேன்.